தாவர எண்ணெய்ப் பால்மத் துணையூக்கிகள்

தாவர எண்ணெய்ப் பால்மத் துணையூக்கிகள் என்பவை, தடுப்பூசியின் ஆற்றலைக் கூட்டுவதற்காக அதனுடன் சேர்க்கப்படும் பால்மங்களில் ஒரு வகை ஆகும். இவை தாவர எண்ணெயையோ தாவரத்திலிருந்து பெறப்படும் எண்ணெய்ப் பொருளையோ நீருடன் நுண்துளிகளாகக் கலந்து ஆக்கப்படுகின்றன. துணையூக்கி தானாக எந்த நோய்க்கும் எதிராகக் காப்பளிப்பதில்லை. தடுப்பூசியிலுள்ள கிருமிக்கூற்றை நோயெதிர்ப்பு அமைப்பு கவனித்து எதிர்வினையாற்றத் துணை செய்வதே இதன் பணி ஆகும்.

எண்ணெய்ப் பால்மங்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகின்றன. இவ்வாய்வுகளில் ஒரு சிக்கல் தொடர்ந்து வந்துள்ளது. உடலில் நெடுங்காலம் தங்கும் எண்ணெய் வலுவான எதிர்ப்பாற்றலைத் தருகிறது; அவ்வாறு தங்குவதே தீங்குக்கும் காரணமாகிறது. உடலால் சிதைத்து அகற்றத்தக்க எண்ணெயைத் தேடியபோதே ஆய்வாளர்கள் தாவர எண்ணெய்களை நாடினர்.

துணையூக்கியின் தேவை

உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் உடலில் ஓரளவு பெருகுவதால், பெரும்பாலும் துணையூக்கி இன்றியே நல்ல பலன் தருகின்றன. கிருமியிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய புரதத்தை மட்டும் கொண்ட தடுப்பூசிகளின் நிலை வேறு. அவை பாதுகாப்பானவை, எனினும் தொற்று ஏற்பட்டதற்கான அறிகுறி எதுவும் அவற்றில் இல்லாததால், நோயெதிர்ப்பு அமைப்பு அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆன்டிஜென் எனப்படும் இக்கிருமிக்கூற்றுக்கு எதிராக ஆன்டிபாடி எனப்படும் பிறபொருளெதிரிகள் போதிய அளவில் உருவாவதற்குத் துணையூக்கி தேவைப்படுகிறது. முதியோரில் நோயெதிர்ப்பு அமைப்பு தளர்ந்திருப்பதால் இத்தேவை மேலும் கூடுகிறது.

1925இல் பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த காஸ்டன் ரமோன், தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்து செலுத்தப்பட்ட குதிரைகளில், ஊசி போட்ட இடத்தில் அழற்சி கண்டவை கூடுதலான பிறபொருளெதிரிகளை உருவாக்குவதைக் கவனித்தார். 1926இல் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் கிளென்னி, படிகாரத்தால் வீழ்படிவாக்கப்பட்ட மருந்து கூடுதல் பலன் தருவதைக் கண்டறிந்தார். அலுமினிய உப்புகள் அன்றுமுதல் இன்றுவரை பயன்பாட்டில் உள்ளன. எண்ணெய்ப் பால்மங்கள் இவற்றுக்கு இணையாக வளர்ந்த மற்றொரு கிளை ஆகும்.

பால்மத்தின் அமைப்பு

ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களில், ஒன்று மற்றொன்றினுள் நுண்துளிகளாகப் பரவி நிற்கும் கலவை பால்மம் எனப்படுகிறது. பால் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. தடுப்பூசியில் இரு வகைப் பால்மங்கள் பயன்படுகின்றன.

நீர்-எண்ணெய்ப் பால்மம்: எண்ணெயின் நடுவே நீர்த்துளிகள் பரவியிருக்கும். ஆன்டிஜென் நீர்த்துளிகளினுள் அடைபட்டு மெதுவாக வெளிப்படும். இது பாகுத்தன்மை மிக்கது, ஊசியில் செலுத்துவது கடினம், வலியும் மிகுதி.

எண்ணெய்-நீர்ப் பால்மம்: நீரின் நடுவே எண்ணெய்த்துளிகள் பரவியிருக்கும். இது நீர்போல் இளகி ஓடும். இன்று மனிதருக்கான இன்ஃபுளுவென்சா தடுப்பூசிகளில் பயன்படுவது இவ்வகையே.

எண்ணெயும் நீரும் பிரிந்துவிடாமல் காப்பவை பால்மமாக்கிகள். இவற்றின் மூலக்கூறில் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும். பரவலாகப் பயன்படும் பாலிசார்பேட் 80 என்னும் பால்மமாக்கி, சார்பிட்டாலையும் ஒலியிக் அமிலத்தையும் கொண்டு ஆக்கப்படுகிறது. முற்காலத்தில் இத்தகைய ஒலியிக் அமிலம் விலங்குக் கொழுப்பிலிருந்தும் பெறப்பட்டது. மாட்டு மூளை நோய் குறித்த அச்சம் எழுந்தபின், தாவரங்களிலிருந்து பெறும் அமிலத்துக்கு உற்பத்தியாளர்கள் மாறினர். மான்டனைடு ஐ.எஸ்.ஏ. 51 வி.ஜி. என்னும் துணையூக்கியின் பெயரில் உள்ள கடைசி இரண்டு எழுத்துகள் இத்தாவர மூலத்தைக் குறிக்கின்றன. ஆயினும் அதன் எண்ணெய் கனிம எண்ணெயே ஆகும்.

வரலாறு

கனிம எண்ணெய்க் காலம்

1916இல் பிரான்சில் லெ முவாஞிக், பினுவா ஆகியோர் கொல்லப்பட்ட பாக்டீரியாக்களை எண்ணெய்ப் பால்மத்தில் கலந்து சோதித்தனர். 1930களில், அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜூல்ஸ் பிராய்ண்டு, பெட்ரோலியத்திலிருந்து பெறும் கனிம எண்ணெயில் நீர்த்துளிகளைப் பரப்பி, கொல்லப்பட்ட காசநோய்வகைப் பாக்டீரியாக்களையும் சேர்த்தார். இது பிராய்ண்டின் முழுமைத் துணையூக்கி எனப்படுகிறது. பாக்டீரியா சேராதது முழுமையற்ற துணையூக்கி ஆகும். முழுமைத் துணையூக்கி மிக வலிமையானது. எனினும் ஊசி போட்ட இடத்தில் புண்ணும் கட்டியும் உண்டாக்குவதால் அது மனிதருக்கு ஏற்றதன்று. ஆய்வகத்திலும் கட்டுப்பாடுகளுடனேயே பயன்படுத்தப்படுகிறது.

பாக்டீரியா சேராத கனிம எண்ணெய்ப் பால்மத்தை ஜோனஸ் சால்க் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்கான இன்ஃபுளுவென்சா தடுப்பூசியில் சோதித்தார். குறைந்த அளவு ஆன்டிஜென்னைக் கொண்டே நெடுநாள் நிலைக்கும் பிறபொருளெதிரிகள் உருவாயின. சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் கிருமியற்ற சீழ்க்கட்டிகள் தோன்றின. மருந்து பெற்றோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆய்ந்ததில் இறப்பு விகிதம் கூடியதாகக் காணப்படவில்லை. ஆயினும் உடலால் சிதைக்க முடியாத எண்ணெயை நலமுள்ள மக்களுக்குப் பெருமளவில் செலுத்துவது ஏற்கப்படவில்லை.

கால்நடை மருத்துவத்தில் நிலை வேறு. கால்நடைகளுக்கான கோமாரி நோய்த் தடுப்பூசிகள், கோழிகளுக்கான வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பூசிகள் ஆகியவற்றில் கனிம எண்ணெய்ப் பால்மங்கள் இன்றும் பயன்படுகின்றன.

நிலக்கடலை எண்ணெய்: துணையூக்கி 65

1960களில் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மனும் அவரது குழுவினரும் கனிம எண்ணெய்க்கு மாற்றாக நிலக்கடலை எண்ணெயைப் பயன்படுத்தினர். துணையூக்கி 65 எனப் பெயரிடப்பட்ட இதன் எண்ணெய்ப் பகுதியில் 86% நிலக்கடலை எண்ணெயும், 10% மானைடு ஒற்றை ஒலியேட்டு என்னும் பால்மமாக்கியும், 4% அலுமினிய ஒற்றை ஸ்டியரேட்டும் இருந்தன. நிலக்கடலை எண்ணெய் உணவுக் கொழுப்பைப் போன்றே உடலில் சிதைவுறும் என்பது இதன் அடிப்படை.

மனிதரில் நடந்த இன்ஃபுளுவென்சா தடுப்பூசிச் சோதனைகளில் இது நீர்க்கரைசலிலுள்ள தடுப்பூசியை விடக் கூடுதலான, நெடுநாள் நிலைத்த எதிர்ப்பாற்றலைத் தந்தது. தடை எண்ணெயிலிருந்து வரவில்லை, பால்மமாக்கியிலிருந்து வந்தது. அப்பால்மமாக்கி எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதாகக் கண்டறியப்பட்டதால் ஐயங்கள் எழுந்தன. அமெரிக்காவில் இத்துணையூக்கிக்கு உரிமம் கிடைக்கவில்லை. எண்ணெய் பாதுகாப்பானதாக இருந்தாலும், அதைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு கூறும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

ஸ்குவாலீன்

அடுத்து ஆய்வாளர்களின் கவனம் ஸ்குவாலீன் மீது திரும்பியது. 30 கார்பன் அணுக்களும் 50 ஐதரசன் அணுக்களும் கொண்ட இந்த ஐதரோகார்பனை 1906இல் ஜப்பானிய வேதியியலாளர் சுஜிமோட்டோ மிட்சுமாரு சுறாவின் ஈரல் எண்ணெயில் கண்டறிந்தார். மனித உடல் கொலஸ்டிரால் உருவாக்கும் வழியில் இதனை இடைப்பொருளாகத் தானே ஆக்கிக்கொள்கிறது. எனவே இதனைச் சிதைக்கவும் அகற்றவும் உடல் அறியும்.

ஸ்குவாலீன் கொண்ட எம்.எப்.59 என்னும் எண்ணெய்-நீர்ப் பால்மம் சேர்க்கப்பட்ட ஃபுளுவாட் என்னும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசி 1997இல் இத்தாலியில் உரிமம் பெற்றது. 2015 நவம்பரில் அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் உடையோருக்காக ஒப்புதல் பெற்றது. 0.5 மில்லிலீட்டர் அளவுள்ள ஒரு வேளை மருந்தில் 9.75 மி.கி. ஸ்குவாலீன் உள்ளது. ஏ.எஸ்.03 என்னும் மற்றொரு துணையூக்கியில் ஸ்குவாலீனுடன் வைட்டமின் ஈ வகையைச் சேர்ந்த டோக்கோஃபெராலும் கலக்கப்படுகிறது.

செயற்படும் முறை

எண்ணெய் ஆன்டிஜென்னைத் தேக்கிவைத்து மெல்ல வெளிவிடுவதே துணையூக்கியின் செயல் என முன்னர் கருதப்பட்டது. நீர்-எண்ணெய்ப் பால்மங்களுக்கு இது ஓரளவு பொருந்தும். எண்ணெய்-நீர்ப் பால்மங்களுக்குப் பொருந்தாது. எம்.எப்.59 சில நாட்களிலேயே தசையிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

எண்ணெய்த்துளிகள் தசையில் குறுகிய காலச் சலசலப்பை ஏற்படுத்துகின்றன. அங்குள்ள உயிரணுக்கள் கீமோகைன்கள் என்னும் அழைப்புச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. வெள்ளையணுக்கள் அவ்விடத்தில் திரள்கின்றன. அவை ஆன்டிஜென்னையும் எண்ணெயையும் விழுங்கி நிணநீர்க்கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கேதான் பிறபொருளெதிரிகளை உருவாக்கும் உயிரணுக்கள் பயிற்சி பெறுகின்றன. இப்பால்மத்தின் கூறுகள் தனித்தனியே இந்த விளைவைத் தருவதில்லை. அவை பால்ம வடிவில் சேரும்போதே முழு ஆற்றல் வெளிப்படுகிறது.

உணவு எண்ணெய்களும் ஸ்குவாலீனும்

சோயா, நிலக்கடலை, ஆலிவ் போன்ற உணவு எண்ணெய்கள் முக்கிளிசரைடுகளால் ஆனவை. கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த மூலக்கூறு முக்கிளிசரைடு ஆகும். ஸ்குவாலீனில் கொழுப்பு அமிலம் எதுவும் இல்லை. இரண்டும் உடலால் அகற்றத்தக்கவை என்றாலும், ஒன்றுக்கு ஒன்று நேரடி மாற்றாக அமைவதில்லை. ஒரே பால்மமாக்கியையும் ஒத்த துளி அளவையும் கொண்டு செய்யப்பட்ட விலங்குச் சோதனைகளில், நீண்ட சங்கிலி முக்கிளிசரைடு எண்ணெய்கள் பொதுவாக ஸ்குவாலீனை விடக் குறைந்த துணையூக்க ஆற்றலையே காட்டியுள்ளன.

சோயா எண்ணெய்ப் பால்மங்களுக்கு மருத்துவத்தில் நெடிய வரலாறு உண்டு. உண்ண இயலாத நோயாளிகளுக்கு இரத்தநாளம் வழியே கொழுப்புச்சத்து அளிப்பதற்காக, முட்டை லெசித்தினால் நிலைப்படுத்தப்பட்ட சோயா எண்ணெய்ப் பால்மம் 1960களில் சுவீடனில் அறிமுகமானது. இரத்தத்தில் செலுத்தியும் எதிர்ப்பு விளைவைப் பெரிதாகத் தூண்டாமல் இருப்பதே அங்கு அதன் சிறப்பு. துணையூக்கியிலோ அத்தூண்டலே தேவைப்படுகிறது. இக்குறையை ஈடுசெய்ய, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோயா எண்ணெயுடன் நேர்மின்னேற்றம் கொண்ட செட்டைல்பிரிடினியம் குளோரைடைச் சேர்த்து, மூக்கின் வழியே செலுத்தத்தக்க நானோ பால்மத்தை உருவாக்கி, மனிதரிலும் தொடக்கநிலைச் சோதனை செய்தனர்.

சுறாவிலிருந்து தாவரத்திற்கு

தடுப்பூசிகளுக்கான ஸ்குவாலீன் மரபாக ஆழ்கடல் சுறாக்களின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்டு வந்துள்ளது. இச்சுறாக்கள் மெதுவாக வளர்ந்து, குறைவாகவே குட்டி ஈனுபவை. ஒரு வேளை மருந்துக்கு ஏறத்தாழ 10 மி.கி. எனக் கொண்டால், 100 கோடி வேளை மருந்துக்கு 10 டன் ஸ்குவாலீன் தேவைப்படும். ஒப்பனைப் பொருள் தொழிலின் தேவையோடு ஒப்பிட இது சிறிய அளவே. எனினும் உலகளாவிய நோய்ப்பரவலின்போது, கடலில் பிடிபடும் மீனை நம்பித் தடுப்பூசி தயாரிப்பது நிலையான வழியன்று.

இதே மூலக்கூறு தாவரங்களிலும் உள்ளது. ஆலிவ் எண்ணெயில் இது 1%க்கும் குறைவு. அமராந்த் என்னும் கீரையினத்தின் விதை எண்ணெயில் இதைவிடப் பல மடங்கு மிகுதி. தவிட்டு எண்ணெயிலும் சிறிதளவு உண்டு. ஆலிவ் எண்ணெயில் 0.5% இருப்பதாகக் கொண்டால், 10 டன் ஸ்குவாலீனுக்கு இழப்பே இல்லாவிடினும் 2,000 டன் எண்ணெய் வேண்டும். எனவே எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒதுக்கப்படும் வடிபொருளிலிருந்து ஸ்குவாலீனைப் பிரிப்பதே சிக்கனமான வழி ஆகும்.

மற்றொரு வழி நொதித்தல். மரபணு மாற்றப்பட்ட ஈஸ்ட், கரும்புச் சர்க்கரையை 15 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபார்னசீனாக மாற்றுகிறது. இதிலிருந்து வேதிமுறையில் ஸ்குவாலீன் பெறப்படுகிறது. இவ்வாறு பெற்ற ஸ்குவாலீன் எலிகளில் சுறா ஸ்குவாலீனுக்கு இணையான ஆற்றலைக் காட்டியுள்ளது. மூலம் எதுவாயினும் மூலக்கூறு ஒன்றே என்றாலும், உடன் வரும் மாசுகள் மூலத்துக்கு ஏற்ப வேறுபடும். ஆகவே மூலத்தை மாற்றும்போது தூய்மையும் நிலைப்புத்தன்மையும் மீண்டும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஒப்பனைப் பொருள்களில் உள்ள ஸ்குவாலேன் ஐதரசனேற்றம் செய்யப்பட்ட வேறொரு பொருள். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

தயாரிப்பு

எண்ணெயும் நீர்க்கரைசலும் முதலில் வேகமாகக் கலக்கப்பட்டுப் பருத்த துளிகளைக் கொண்ட பால்மம் பெறப்படுகிறது. இது பின்னர் உயர் அழுத்தத்தில் நுண்ணிய பாதைகளின் வழியே பலமுறை செலுத்தப்படுகிறது. எம்.எப்.59இன் துளிகள் ஏறத்தாழ 160 நானோமீட்டர் விட்டமுடையவை. இவ்வளவுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. கிருமிநீக்க வடிகட்டியின் துளை 220 நானோமீட்டர். துளிகள் அதைவிடச் சிறியனவாக இருந்தால் மட்டுமே வெப்பமின்றி வடிகட்ட இயலும்.

பால்மம் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கப்படுகிறது. உறைந்தால் துளிகள் ஒன்றுசேர்ந்து பால்மம் உடையும். இரட்டைப் பிணைப்புகள் கொண்ட எண்ணெய்கள் காற்றுப் பட்டுக் கெடக்கூடும் என்பதால் நைதரசன் சூழலில் கையாளப்படுகின்றன. தாவர எண்ணெயாயின் கொழுப்பு அமில விகிதம் விளைச்சலுக்கு விளைச்சல் மாறுவதும், ஒவ்வாமை தரும் புரத எச்சங்களும் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியவை.

பாதுகாப்பு

ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், சிறு காய்ச்சல் ஆகியவை துணையூக்கி இல்லாத தடுப்பூசியை விட மிகுதியாகக் காணப்படுகின்றன. வளைகுடாப் போர் வீரர்களின் நலக்குறைவுக்கு ஸ்குவாலீன் காரணம் என்ற கருத்து ஒரு காலத்தில் பரவியது. ஸ்குவாலீனுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அத்தகைய தடுப்பூசி பெறாதவர்களிடமும் இயல்பாகவே இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது. 2006இல் உலக சுகாதார அமைப்பின் தடுப்பூசிப் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழு இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

2009ஆம் ஆண்டின் உலகளாவிய இன்ஃபுளுவென்சா பரவலின்போது ஏ.எஸ்.03 கொண்ட பாண்டம்ரிக்சு தடுப்பூசி ஐரோப்பாவில் பரவலாகப் போடப்பட்டது. 2010இல் சுவீடனிலும் பின்லாந்திலும், இதைப் பெற்ற சிறுவர்களிடமும் இளையோரிடமும் நார்கோலெப்சி என்னும் உறக்க நோய் கூடியிருப்பது தெரியவந்தது. அதே துணையூக்கி கொண்டு கனடாவில் தயாரான தடுப்பூசியில் இத்தொடர்பு அந்த அளவுக்குக் காணப்படவில்லை. எனவே துணையூக்கி மட்டுமே காரணம் எனக் கூற முடியவில்லை. வைரசுப் புரதத்தின் பங்கும் ஆராயப்பட்டது.

முக்கியத்துவம்

வழக்கமான இன்ஃபுளுவென்சா தடுப்பூசியில் ஒவ்வொரு வைரசு வகைக்கும் 15 மைக்ரோகிராம் ஆன்டிஜென் இடப்படுகிறது. பாண்டம்ரிக்சில் 3.75 மைக்ரோகிராம் மட்டுமே இருந்தது. அதாவது ஒருவருக்கான ஆன்டிஜென்னைக் கொண்டு நால்வருக்கு மருந்து ஆக்கலாம். புதிய நோய் பரவும்போது ஆன்டிஜென் உற்பத்தியே தட்டுப்பாடாக இருப்பதால், இச்சிக்கனம் உயிர்காக்கும் தன்மையது.

துணையூக்கிகளின் நுட்பமும் உரிமமும் நெடுங்காலம் சில பெரிய நிறுவனங்களிடமே இருந்தன. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்திலிருந்து இந்தோனேசியாவின் பயோ ஃபார்மா நிறுவனத்துக்கு எண்ணெய்-நீர்ப் பால்மத் தயாரிப்பு நுட்பம் மாற்றி அளிக்கப்பட்டது, வளரும் நாடுகள் தாமே இதனைத் தயாரிக்க இயலும் என்பதைக் காட்டியது. நுட்பம் கைவந்த பின்னும் எண்ணெய் வேண்டும். அதனைக் கடலிலிருந்து பெறாமல் வயலிலிருந்து பெற முடியுமானால், தடுப்பூசிக்கான மூலப்பொருள் பல நாடுகளுக்கு எட்டும் தொலைவில் அமையும்.