குதிரைக்கு வியர்க்காவிட்டால்?

கிளேபாங் கடற்கரைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது தேங்காய் ஷேக் கடையைத்தான். அந்த வெயிலில் மனிதனுக்கே தொண்டை வறள்கிறது. 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரையை இந்தச் சூட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி?

ஐரோப்பாவில் அக்டோபர் என்றால் இலையுதிர் காலம். பகல் குறையக் குறைய, அங்குள்ள குதிரைக்குக் குளிரைத் தாங்க மயிர் அடர்ந்து வளரும். மலாக்காவிலோ ஆண்டு முழுவதும் பகலின் நீளம் சில நிமிடங்கள்தான் மாறும். இங்கே அக்டோபரின் அடையாளம் பிற்பகல் இடியும் மழையும், புழுக்கமும்தான்.

ஆகவே லாயத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். மலாயில் 'சைஸ்' எனப்படும் குதிரைக்காரர், சூரியன் ஏறுவதற்குள் குதிரையை ஓட்டிப் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதற்கு முன் நான்கு குளம்புகளையும் தூக்கிச் சுரண்டிப் பார்ப்பார். மழை நாளில் ஈரத்தில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் அடிப்பள்ளம் அழுகிக் கறுத்துவிடும். கண்ணுக்குத் தெரியுமுன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும், அப்படியொரு நாற்றம்!

தீனியில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பங்களுக்கு இது சட்டென்று புரியும். மாடு அவசரமாகத் தின்றுவிட்டுப் பிறகு படுத்து அசைபோடும். குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. வாளி நிறையத் தானியத்தை ஒரே வேளையில் கொட்டினால் வயிறு உப்பி, வலியில் புரண்டு, இறந்தும் போகலாம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தானியம் தின்றவுடன் ஓட விடக்கூடாது.

இதில் நம் முன்னோர்களும் சறுக்கியவர்கள்தாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு வணிகர்களிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்தார். சோற்றோடு இறைச்சியைக் கலந்து குதிரைக்குக் கொடுத்தார்களாம்! பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

இனி வியர்வைக்கு வருவோம். மனிதனைப் போலவே குதிரையும் வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. நாய் போல் நாக்கைத் தொங்கவிட்டுச் சமாளிக்க அதனால் முடியாது. நம் நாட்டின் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருபவை. இந்தப் புழுக்கத்தில் வியர்த்து வியர்த்து, சில குதிரைகளுக்குச் சுரப்பிகள் வேலை செய்வதையே நிறுத்திவிடுகின்றன. ஓடி முடித்த குதிரை நனைந்திருக்க வேண்டிய நேரத்தில் தோல் காய்ந்து கிடக்கும், மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கும். சாதாரணமாக 38 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் உடம்புச் சூடு 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இதற்கு உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. நிழல், மின்விசிறி, தண்ணீர், குளிர்ந்த இடத்துக்கு மாற்றம், இவ்வளவுதான்.

சூடான குதிரை மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் இன்னும் உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியையொட்டி நடந்த ஆய்வுகள் அந்தப் பயம் தேவையற்றது எனக் காட்டின. தயங்காமல் ஊற்றலாம், ஊற்றிக்கொண்டே இருக்கலாம். குடிதண்ணீரும் தாராளமாக வேண்டும். வெயில் நாளில் 50 லிட்டர்கூடப் போதாது. வியர்வையோடு உப்பும் போவதால் தீனியில் உப்பு சேர்ப்பது அவசியம்.

இவற்றையெல்லாம் ஏட்டில் படிக்காமல் கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள் குதிரைக்காரர்கள். அவர்களுக்கு வேலை கொடுத்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 1842இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் பந்தய மன்றத்தின் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் ஓடியது. 1864இல் நிறுவப்பட்ட பினாங்கு பந்தய மன்றத்தின் இறுதிப் பந்தயம் 2025 மே 31இல் நடந்தது. சூதாட்டம் ஒழிந்தது என்று மகிழ்வோர் இருக்கலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால், குதிரையின் மூச்சைக் கேட்டே நோயைச் சொல்லும் ஒருவர் ஐம்பது வயதில் வேறு எந்த வேலைக்குப் போவார்? இந்தக் கேள்வி யார் காதிலும் விழுவதில்லை.

இந்தப் பருவத்தில் இன்னொரு தொல்லை, தீபாவளிப் பட்டாசு. குதிரை பயந்த சுபாவம் உள்ள பிராணி. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கக் கூடியது. வெளிச்சமும் வெடியும் சேர்ந்தால் மிரண்டு கதவை உதைத்துக் காலை ஒடித்துக்கொள்ளும். அந்த இரவுகளில் குதிரைக்காரர் லாயத்திலேயே தங்கி, விளக்கை எரியவிட்டு, வானொலியையும் போட்டுவைப்பார். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அரை மணி நேரமாவது கீழே படுத்தாக வேண்டும். வெடிச் சத்தம் அடங்கி அது மரச்சீவல் மேல் படுக்கும்வரை அவருக்கும் உறக்கமில்லை.