லாரி டிரைவருக்கு வீடு வேண்டாமா?

நாமக்கல் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த ஊரின் தொழில் என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாலையின் இரு மருங்கிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், டயர்க் கடைகள், புக்கிங் ஆபீசுகள், வண்டிக்குக் கடன் கொடுக்கும் பைனான்ஸ் கம்பெனிகள். சமையல் காஸ் ஏற்றும் டாங்கர்கள் அங்கிருந்து நாலா திசையும் புறப்படுகின்றன. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் வடநாட்டு வயல்களில் மாதக்கணக்கில் நின்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றன. சங்ககிரி லாரி ஓடாத நெடுஞ்சாலை இந்த நாட்டில் உண்டா என்றே கேட்கலாம்.

இத்தனை லாரிகளையும் ஓட்டுகிற மனிதன் எங்கே? அவனைத்தான் ஊரில் காணோம். அவன் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. ஆள் மட்டும் வீட்டில் இல்லை.

மாதத்தில் நாலு நாள், ஐந்து நாள் தலை காட்டுவான். அதிலும் ஒரு நாள் தூக்கத்தில் போகும். இன்னொரு நாள் முதலாளி வீட்டில் கணக்கு முடிப்பதில் போகும். மீதி நாட்களில் மளிகைக்கடை பாக்கி, கூட்டுறவுச் சங்கக் கடன், போக முடியாமற்போன கலியாணங்களுக்கும் இழவுகளுக்கும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவது. நாலாம் நாள் போன் மணி அடிக்கும், "லோடு ரெடி" என்று. கிளம்ப வேண்டியதுதான்.

"ஏனுங்க, எப்ப வருவீங்க?" என்று மனைவி கேட்பாள். "ரிட்டர்ன் லோடு கிடைச்சா வந்துடறேன் புள்ள" என்பான். ரிட்டர்ன் லோடு என்று கிடைக்கும்? அது அவனுக்கும் தெரியாது. புக்கிங் ஏஜண்டுக்குத்தான் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சேதி வரும்போது அவன் நாகபுரியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருப்பான். தகப்பனார் கண்ணை மூடிவிட்டார் என்று சேதி வரும்போது அஸ்ஸாமில் ஒரு குடோன் வாசலில் சரக்கு இறக்கக் காத்துக்கொண்டிருப்பான். கைபேசியில் முகம் பார்க்கலாம். கொள்ளி வைக்க முடியுமா?

"தொழில் அப்படி! வீட்டை நினைக்கிறவன் லாரிக்கு வரலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். டிரைவர்களிலேயே பலர் இப்படிச் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். வீட்டையும் வேலையையும் சேர்த்துக் கவனிக்கத் தெரியவில்லை, அது அவனவன் சாமர்த்தியம் என்று உபதேசம் செய்வோரும் உண்டு.

அவர்களை ஒன்று கேட்கிறோம். சென்னையில் புறப்படும் ரயில் தில்லி வரை போகிறது. ஒரே டிரைவரா அதைத் தில்லி வரை ஓட்டிச் செல்கிறார்? இல்லை. குறிப்பிட்ட ஜங்ஷன் வந்ததும் அவர் இறங்கிக்கொள்கிறார், இன்னொருவர் ஏறுகிறார். இறங்கியவருக்குப் படுக்க ஓய்வறை இருக்கிறது. எதிர்த் திசையில் வரும் வண்டியை ஓட்டிக்கொண்டு அவர் தம் ஊர் திரும்புகிறார். ரயில்வேத் தொழிலாளிக்கும் குறைகள் ஆயிரம் உண்டு. ஆனாலும் வண்டி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரமும் ஒரே மனிதன் போக வேண்டும் என்ற சட்டம் அங்கே இல்லை. ஆகவே தூரம் அல்ல காரணம். வேலையை அமைத்திருக்கும் விதம்தான் காரணம். அமைத்தவன் மனிதன், மாற்றவும் மனிதனால் முடியும்.

சட்டம் இல்லையா? இருந்தது. 1961ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்றது அது. நெடுந்தூரப் பாதைகளில் அனுமதி பெற்றால் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம் என்றது. ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, ஆண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் லீவு என்றெல்லாம் எழுதி வைத்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்தச் சட்டம் தானாகச் செல்லாது. நம் லாரித் தொழிலோ ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்போரின் தொழில். பெரும்பாலான டிரைவர்கள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்கள். வேலிக்கு உள்ளே இருந்தவர்களுக்கும், பாதி ராத்திரியில் நெடுஞ்சாலையில் நின்று "நீ எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறாய்?" என்று கேட்க எந்த இன்ஸ்பெக்டர் வந்தார்?

இப்போது அந்தச் சட்டமும் தனியாக இல்லை. 2020ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புக்குள் அதைக் கரைத்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. 8 மணி நேரம் என்ற எழுத்து அதிலும் உண்டு. லீவு பெற 240 நாள் உழைக்க வேண்டும் என்பது 180 நாளாகக் குறைந்திருக்கிறது; நல்லதை நல்லது என்று சொல்வோம். ஆனால் ஐந்து தொழிலாளர் என்றிருந்த வரம்பு மோட்டார் நிறுவனங்களுக்குப் பத்து என்று உயர்ந்திருக்கிறது. வேலியைத் தள்ளி நட்டால் உள்ளே இருப்பவர் கூடுவாரா, குறைவாரா? கணக்குத் தெரிந்த பள்ளிப் பிள்ளையும் பதில் சொல்லும்.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். நாமக்கல்லிலிருந்து தில்லி சுமார் 2,400 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி, நின்று நிதானித்துப் போவதையும் சேர்த்து, மணிக்கு 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் 320 கிலோமீட்டர். தில்லி போய்ச்சேர ஏழரை நாள் ஆகும். சரக்குக்காரர் "ஐந்தே நாளில் வேண்டும்" என்கிறார். அப்படியானால் நாளொன்றுக்கு 480 கிலோமீட்டர். அதாவது பன்னிரண்டு மணி நேரம் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். லோடு ஏற்றும் நேரம், பஞ்சர் போடும் நேரம், ஊருக்குள் நுழைய அனுமதி இல்லாமல் எல்லையில் காத்துக்கிடக்கும் நேரம் எல்லாம் இதற்கு மேல். தூக்கத்தைத் தவிர வேறெதை அவன் வெட்ட முடியும்?

இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டினால்? ஆளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினாலே நாலு நாளுக்குள் தில்லி போய்விடலாம். சரக்குக்காரருக்கும் குறை இல்லை. டிரைவருக்கும் உறக்கம் உண்டு. இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தேசிய பர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், மாற்று டிரைவர் கால் நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்லிவந்தன. 2018ல் அந்த இரண்டு டிரைவர் நிபந்தனையை மத்திய சர்க்கார் எடுத்துவிட்டது. விதி ஏட்டில் இருந்தபோதே அதை மதிக்காதவர்கள் பலர். ஏட்டிலிருந்தும் போனபின் கேட்பானேன்? இன்று கிளீனர்கூட இல்லாமல் ஒற்றை ஆளாக நாட்டைக் குறுக்கே கடக்கிற லாரிகள் பெருகிவிட்டன.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, மாநில எல்லைகளில் வரிக்காக நிறுத்திய செக்போஸ்டுகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் பாஸ்டாக் கட்டாயமாயிற்று. சுங்கச் சாவடியில் காசு எண்ணி நிற்கும் வேலை குறைந்தது. சாலைகள் அகலமாயின. எல்லாம் முன்னேற்றந்தான். நாம் கேட்பது ஒன்றே: இதனால் மிச்சமான மணி நேரங்கள் யாருக்குப் போயின? டிரைவர் வீட்டில் தங்கும் நாளில் ஒரு நாளாவது கூடியதா? இல்லையே! மாதத்துக்கு இரண்டு டிரிப் அடித்த வண்டி மூன்று டிரிப் அடிக்க வேண்டும் என்று ஆயிற்று. மிச்சம் பிடித்த நேரத்தை லாரி தின்றது. டிரைவர் குடும்பத்துக்கு ஒரு கவளமும் வரவில்லை.

இதன் ஆணிவேர் கூலி முறையில் இருக்கிறது. பெரும்பாலான டிரைவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை, இருந்தாலும் பெயரளவுக்குத்தான். டிரிப்புக்கு இவ்வளவு படி, அல்லது வாடகையில் இவ்வளவு பங்கு. வண்டி ஓடினால் அடுப்பு எரியும், நின்றால் அணையும். ஆகவே வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் தன் கூலியிலிருந்து விலை கொடுத்து வாங்குகிற நாள். மகளின் பூப்பு நீராட்டுக்கு நாலு நாள் இருந்தால் நாலு நாள் படி போயிற்று. தகுதிச் சான்றுக்காக வண்டி பட்டறையில் நிற்கும்போதும், லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம் என்று வண்டிகளை நிறுத்தும்போதும்தான் அவன் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வீட்டுச் சோறு தின்கிறான். அந்த நாட்களுக்கும் கூலி கிடையாது! வண்டிக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். டிரைவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

ஒற்றை லாரி முதலாளியை நாம் விரோதியாகப் பார்க்கவில்லை. அவர்களில் பலர் நேற்று வரை டிரைவராக இருந்தவர்கள். மனைவியின் நகையை விற்று, பைனான்சில் தவணைக்கு வண்டி எடுத்தவர்கள். டீசலும் டயரும் சுங்கமும் தவணையும் அவர்கள் கழுத்தை நெரிக்கின்றன. வாடகையைத் தீர்மானிக்கிறவர்கள் அவர்கள் அல்லர். பெரிய கம்பெனிகளும் காண்டிராக்டர்களும் புரோக்கர்களும்தான். "ஐந்து நாளில் வேண்டும்" என்று கெடு வைக்கிறவர்கள் அவர்கள். தாமதமானால் வாடகையில் பிடித்தம் செய்கிறவர்களும் அவர்களே. ஆகவே, சரக்கின் சொந்தக்காரனையும் பொறுப்பாளியாக்காத எந்தச் சட்டமும் சின்ன முதலாளியையும் டிரைவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் சட்டமாகத்தான் முடியும்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? ஐரோப்பிய யூனியனில், நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு. நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி. வண்டியில் பொருத்திய டாக்கோகிராஃப் என்ற கருவி ஒவ்வொரு நிமிஷத்தையும் பதிவு செய்கிறது. 45 மணி நேர வாராந்தர ஓய்வை லாரிக் கேபினுக்குள் கழிக்கக் கூடாது என்றும் விதி. 2020 ஆகஸ்டு முதல் இன்னொரு கடமையும் வந்திருக்கிறது: நாலு வாரத்துக்கு ஒரு முறையாவது டிரைவர் வீடு திரும்பும்படி முதலாளி வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அங்கேயும் மீறுகிறவர்கள் உண்டு. முதலாளி எங்கும் முதலாளிதான். ஆனால் வீடு திரும்புவது டிரைவரின் உரிமை, அதற்கு வழி செய்வது முதலாளியின் கடமை என்று சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இங்கே அதைக் கருணை என்று நினைக்கிறார்கள்.

நம்மிடம் கருவி இல்லையா? இன்று பல லாரிகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது. வண்டி எந்தச் சாலையில் எத்தனை நிமிஷம் நின்றது என்று ஆபீசில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள், "ஏன் நின்றாய்?" என்று போனில் விரட்டுகிறார்கள். நின்ற நேரத்தை முதலாளிக்குக் காட்டுகிற கருவி, நிற்காமல் ஓட்டிய நேரத்தைச் சர்க்காருக்குக் காட்டக் கூடாதா?

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று விதி செய்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். தமிழ்நாட்டில் ஓட்டுநர்களுக்கென நல வாரியம் இருக்கிறது, அதையும் வரவேற்கிறோம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி கிடைக்கிறது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை கிடைக்கிறது. ஆனால் செத்தபின் வீட்டுக்குப் பணம் அனுப்புவது போதுமா? உயிரோடு இருக்கையில் ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா? 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று மத்திய சர்க்காரின் கணக்கே கூறுகிறது. கண் அயர்ந்த டிரைவர் தன் குடும்பத்தை மட்டுமா அநாதையாக்குகிறான்? எதிரே வருகிற பஸ்ஸில் நீங்களும் இருக்கலாம், நானும் இருக்கலாம்.

ஆகவே நமது கோரிக்கைகள் நான்கு. நெடுந்தூர லாரிக்கு இரண்டு டிரைவர் என்ற விதி திரும்ப வர வேண்டும். அதற்கான செலவு வாடகையில் சேர வேண்டும். டிரிப் கூலிக்குப் பதிலாக உத்தரவாதமான மாதச் சம்பளம் வேண்டும். படி அதற்கு மேல். ஒரே ஒரு டிரைவர் வேலை செய்யும் லாரியானாலும் எட்டு மணிச் சட்டம் செல்ல வேண்டும். மீறச் சொல்லிக் கெடு வைக்கும் சரக்குக் கம்பெனிக்குத் தண்டனை வேண்டும். இத்தனை நாளுக்கு ஒருமுறை வீடு, அங்கே இத்தனை நாள் சம்பளத்தோடு ஓய்வு என்று எழுத்தில் வர வேண்டும்.

இவை தாமாக வந்துவிடுமா? 2024ஆம் ஆண்டுப் பிறப்பை நினைத்துப் பாருங்கள். விபத்துச் செய்துவிட்டுத் தப்பியோடினால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை எதிர்த்து, வடமாநிலங்களில் டிரைவர்கள் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். இரண்டே நாளில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. மத்திய சர்க்கார் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் தேதி புதிய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தது. தேசத்தின் வயிறு யார் கையில் இருக்கிறது என்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டின.

சிறைக்குப் பயந்து ஒன்று சேர்ந்தவர்கள் வீட்டுக்காக ஒன்று சேரக் கூடாதா? சாலையில் தனித்தனியாக ஓடுகிற மனிதர்கள் சங்கத்தில்தான் சந்திக்க முடியும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் டிரைவர்கள் ஊர் வரும் அந்த நாலு நாளில், ஒரு மாலையைச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் வர முடியாதபோது அவர்களுடைய மனைவிமார் வரட்டும். இந்தத் தொழிலின் பாரத்தில் பாதியை வீட்டிலிருந்து சுமப்பவர்கள் அவர்கள்தான், "எப்ப வருவீங்க?" என்ற கேள்வியைக் கணவனிடம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்களும் அவர்கள்தான். இனி அந்தக் கேள்வியைச் சர்க்காரிடம் கேட்கட்டும்.