குழியானையின் வாசலில்

சென்ற வாரம் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் மரம் வெட்டி வீடு கட்டினோம். இந்த வாரம் போகிற இடத்தில் மரம் வெட்ட வழியே இல்லை. நம் உயரம் எறும்பின் உயரம். அண்ணாந்து பார்த்தால் புல்தான் தென்னந்தோப்பு.

விளையாட்டின் பெயர் கிரவுண்டட். அமெரிக்காவின் அப்சிடியன் நிறுவனம் 2020 ஜூலையில் சோதனை நிலையிலேயே வெளியிட்டு, ஆடியவர்களின் கருத்தைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2022 செப்டம்பரில் முழுமையாகக் கொடுத்தது. எறும்பளவுக்குச் சுருக்கப்பட்ட நான்கு பிள்ளைகள் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் கண் விழிக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லை. பொடிக்கல்லையும் குச்சியையும் நாரால் கட்டிக் கோடரி செய்துகொள்ள வேண்டும். கோடரியால் புல்லைச் சாய்த்தால் பலகை. அசுவினியைப் பிடித்துச் சுட்டால் சாப்பாடு. புல்லில் தொங்கும் பனித்துளியை உதிர்த்தால் குடிதண்ணீர்.

கோடை விடுமுறையில் ரெட்டியார்சத்திரத்தில் அக்கா வீட்டில் தங்கியபோது மருமகனோடு சேர்ந்து ஆடினேன். "மாமா, இருட்டினப்புறம் வெளிய போகாதீங்க, சிலந்தி சுத்தும்" என்றான். தண்ணீர் எடுக்கத்தானே என்று போனேன். பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் எட்டுக் கால்களும் மேலே இருந்தன. சிலந்தியைக் கண்டாலே நடுங்குகிறவர்களுக்காக, அதன் கால்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக் கடைசியில் வெறும் உருண்டையாக்கிவிடும் வசதியும் இதில் உண்டு. பயப்படுகிறவரை ஒதுக்கிவிடாமல் சேர்த்துக்கொண்டு ஆடும் அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாம் நாள் விளையாட்டுக்குள்ளே மணல்தொட்டிக்குப் போனோம். மணலுக்கு அடியிலிருந்து இரண்டு கொடுக்குகளோடு ஒன்று பாய்ந்து வந்தது. பையன் கத்தியேவிட்டான்: "மாமா, இது நம்ம குழியானை!"

மறுநாள் காலையில் மாட்டுக்கொட்டகை ஓரம் குத்தவைத்து உட்கார்ந்தோம். மழையும் வெயிலும் படாத பொடிமண்ணில் புனல் வைத்து அழுத்தியதுபோல ஏழெட்டுக் குழிகள். ஒரு குழியின் விளிம்பில் கட்டெறும்பு ஒன்று கால் வைத்தது. மண் சரிந்தது. ஏற ஏறச் சரிந்தது. அடியிலிருந்து தலையால் மண்ணை வாரி எறும்பின் மேல் எறிந்தது குழியானை. அவ்வளவுதான், கொடுக்கு கவ்விவிட்டது. மண் நிற்கக்கூடிய கடைசிச் சரிவு எதுவோ, அந்தச் சரிவில்தான் அது குழியைக் கட்டியிருக்கிறது. இன்னும் ஒரு மணல் உருண்டாலும் சரியும். இந்தப் புழுதான் பின்னால் கூட்டுப்புழுவாகி, தட்டான்போல நீண்ட இறக்கைகளோடு இரவில் பறந்து போகும்.

இந்த விளையாட்டு ஓரிடத்தில் தவறுகிறது. அந்த அளவில் தண்ணீர் இவ்வளவு சாதுவாக இருக்காது. உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார். குளித்துவிட்டு வரும் மனிதன் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர் அரைக் கிலோ தேறும். நனைந்த சுண்டெலி ஏறத்தாழத் தன் எடையளவு தண்ணீரைச் சுமக்கிறது. நனைந்த ஈக்கோ அது தன் எடையைப்போலப் பல மடங்கு. எறும்பளவு ஆள் ஒரு பனித்துளியில் கை வைத்தால் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். 

எனக்கு வேறொரு குறையும் உண்டு. இந்த விளையாட்டில் பூச்சி என்றால் பெரும்பாலும் கச்சாப்பொருள். குழியானையைக் கொன்று அதன் ஓட்டில் வெயில் தாங்கும் கவசம் செய்துகொள்கிறோம். ஆனால் நாங்கள் ஆடிய அதே ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில், கன்னிவாடிப் பக்கம், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மகளிர் குழுக்கள் உயிரியல் முறைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பொருள்களைத் தயாரிக்கக் கற்றார்கள். இந்த முறையில் பூச்சியைக் கொல்வதற்குப் பதில் வளர்க்கிறார்கள். உடைத்த கம்பைத் தட்டில் பரப்பி அதில் அரிசி அந்துப்பூச்சியை வளர்ப்பார்கள். அது இடும் முட்டைகளை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்ற குளவியிடம் விடுவார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தக் குளவி, அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். நாலைந்து நாளில் முட்டை கறுத்துவிடும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி இலைக்கு அடியில் கட்டிவிட்டால், வெளிவரும் குளவிகள் வயலில் காய்ப்புழுவின் முட்டைகளைத் தேடிப் போகும். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) முட்டை ஒட்டிய அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள். அவ்வளவும் உள்ளங்கையில் அடங்கும். மருந்து தெளித்த வயலில் மட்டும் இவற்றைப் பிழைக்கவைக்க முடியாது.

இந்தக் குறைகள் இருந்தாலும் பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடட்டும், தடுக்க வேண்டாம். ஆடி முடித்ததும் கொல்லைக்குக் கூட்டிப்போங்கள். பக்கத்து வீட்டில் சென்ற ஆண்டு வாசல் முழுக்கச் சிமென்ட் போட்டுவிட்டார்கள். அங்கே இப்போது ஒரு குழியானைக் குழிகூட இல்லை. உங்கள் வீட்டில் கூரை நிழலில் ஒரு முழம் பொடிமண் மிச்சம் இருந்தால், தயவுசெய்து அதை அப்படியே விட்டுவையுங்கள்.