வராத நோயாளியையும் எண்ண வேண்டும்

ஓய்வுபெற்ற பின், மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமுதாய மருத்துவ மாணவர்களுக்குச் சில வகுப்புகள் எடுக்கும் வாய்ப்பு கிடைத்தது. பொருளியல் படித்தவனுக்கு அங்கு என்ன வேலை என்ற தயக்கத்துடனேயே சென்றேன்.

முதல் நாள் ஒரு கணக்கைக் கொடுத்தேன். ஒரு மருத்துவரிடம் உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை பெறும் 60 பேரில் 40 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. அவரது பணி எப்படி? "நன்று" என்றனர். அந்த ஊரில் அந்நோய் உள்ளவர்கள் மொத்தம் 250 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூன்றில் இரண்டு பங்காக இருந்த வெற்றி 16 விழுக்காடாகச் சுருங்கியது. மருத்துவர் மாறவில்லை, பின்னத்தின் கீழே உள்ள எண் மாறிவிட்டது.

மருத்துவமனையில் பெறும் பயிற்சி, வந்து நிற்பவரைக் கவனிக்கக் கற்றுத் தருகிறது. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று கேட்பதே பொது சுகாதாரத்தின் முதல் திறன். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பது ஒரு தொழிலாளிக்குப் போதுமான காரணம். மாத்திரை இலவசம்தான், அதைப் பெறுவதற்கான செலவு இலவசமல்ல. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசென்றதன் நியாயமும் இதுவே.

இந்தத் திறனைக் கற்பிக்க வேண்டும் என்பது புதிய சிந்தனையன்று. நோய்த் தடுப்பு, சமூக மருத்துவத்தில் மாணவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என 1946-இலேயே போர் குழு பரிந்துரைத்தது. 2021-22-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

குறை ஏட்டில் இல்லை, ஊக்குவிப்பில் இருக்கிறது. பயிற்சி மருத்துவர்கள் பலர் கிராமப் பணிக் காலத்தை முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் காலமாகவே கருதுகின்றனர். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எதற்கு மதிப்பெண் உண்டோ அதைத்தான் எவரும் படிப்பர். என் பொருளியல் மாணவர்களும் அப்படித்தான்.

எனவே கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டை வைத்தே தேர்வு நடத்தலாம். சிகிச்சையைப் பாதியில் நிறுத்திய பத்துப் பேரை அவருடன் சென்று மாணவர் சந்திக்கட்டும். காரணங்களை எழுதி, அவற்றில் ஒன்றையேனும் நீக்க முயன்று, என்ன ஆயிற்று என்று தெரிவிக்கட்டும். முயற்சி தோற்றாலும் மதிப்பெண் உண்டு. மதிப்பிடுபவர்களுள் ஒருவராக அந்தச் செவிலியரும் அமர வேண்டும். வராதவர்களின் பெயர்களை அறிந்தவர் அவர்தான்.