மாத்திரை ஒத்துக்கலைன்னா மரபணுச் சோதனையா?

திண்டுக்கல்லில் என்னிடம் வரும் குடும்பங்களில் சில, அண்மைக்காலமாக ஒரு தடித்த மரபணுச் சோதனை அறிக்கையோடு வருகின்றன. மனநல மாத்திரைகளின் பெயர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருக்கும். "பச்சையில இருக்கிறதை மட்டும் எழுதிக் கொடுங்க சார்" என்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பல ஆயிரம் கட்டியிருப்பார்கள். "பழைய மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "பத்து நாள். ஒத்துக்கலை, நிறுத்திட்டோம்" என்பார்கள். மனச்சோர்வு மாத்திரை முழுப் பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் நிறுத்தியவருக்கு எந்த மரபணுவும் பதில் சொல்லாது.

அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும். கல்லீரல் நொதிகள் மருந்தை எவ்வளவு வேகமாகச் சிதைக்கும் என்று அறிக்கை சொல்லும். அவற்றில் ஒன்றான சி.ஒய்.பி. 2சி19 நொதி மந்தமாக இருப்பவருக்கு சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மந்தமான இந்த வகை நம் மக்களிடம் அரிதல்ல.

ஆனால் எந்த மாத்திரை நோயைத் தீர்க்கும் என்று அது சொல்வதில்லை. பச்சைப் பட்டியல் என்றால் "கேட்கும் மருந்து" என்று பொருளல்ல. சிவப்பு என்றால் விஷமும் அல்ல. அப்படி விளம்பரம் செய்வதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018லேயே எச்சரித்தது. அங்கே 1,944 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. சோதனைப்படி மருந்து பெற்றவர்களில் தொடக்கத்தில் சற்றுக் கூடுதலானோர் குணமடைந்தனர். ஆறாம் மாதத்தில் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை.

அறிக்கையில் வராத இன்னொன்று பீடி. புகை பிடிப்பவரின் உடலில் குளோசபின், ஓலான்சபின் என்ற மனநல மாத்திரைகள் இரண்டும் சீக்கிரம் கரைந்துவிடும். திடீரென்று பீடியை விட்டால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் ஏறி ஆளை அசத்திப்போடும். புகைப்பதை, குடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

அம்மை என்று வேப்பிலை கட்டாதீர்கள்

நான் கட்டாயம் யோசிக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் தரப்படும் கார்பமசெபின் விலை மலிவு, நல்ல மருந்தும்கூட. ஆனால் எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு அதனால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்து வரும். தைவான் மருத்துவர்கள் 2004இல் இதைக் கண்டறிந்தார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு மருந்து தொடங்கும் முன் இந்தச் சோதனை வேண்டும் என்று 2007இல் அமெரிக்கா அறிவுறுத்தியது. இந்திய நோயாளிகளிடமும் இந்தத் தொடர்பு பதிவாகியுள்ளது.

நம் ஊரில் நடப்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், உடம்பெல்லாம் தடிப்பு. வீட்டில் "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டி, மஞ்சள் பூசி, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் மாத்திரையை மட்டும் தொடர்ந்து கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். சோதனையில் அந்த வகை இல்லை என்று வந்திருந்தாலும் இதே விதிதான்.

கையெடுத்துக் கேட்கிறேன்

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். தடிப்பு, காய்ச்சல் போன்ற ஆபத்து அறிகுறி இல்லாதபோது, சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். ஒத்துக்கலை என்றால் வந்து சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். முறையாகச் சாப்பிட்டும் இரண்டு மருந்து பலிக்கவில்லை என்றால் மரபணுச் சோதனை பற்றி மருத்துவரோடு பேசுங்கள். வேடசந்தூரோ நத்தமோ, எந்த ஊரில் இருந்தாலும் 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.