சாரதித் திறனும் மறுசோதனையும்

ஒருமுறை பெற்ற தகுதி வாழ்நாள் முழுவதும் குறையாது நிற்குமோ என்பது ஆராயத்தக்க வினாவாகும். வாகனஞ் செலுத்துந் தொழிலில் இவ்வினா பிறர் உயிரோடும் தொடர்புடையது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ்ச் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கப்படுகின்றது. இலகுரக வாகனங்களுக்கான பத்திரம் 8 ஆண்டுகளுக்கும், கனரக வாகனங்களுக்கானது 4 ஆண்டுகளுக்கும் செல்லுபடியாகும். புதுப்பிக்குங்கால் மருத்துவச் சான்றிதழ் வேண்டப்படும். ஆகவே உடல்நலம் மீண்டும் சோதிக்கப்படுகின்றது. கண்ணும் கையும் மதியும் ஒருங்கியங்கும் திறனோ முதற் சோதனையோடு விடப்படுகின்றது.

அனுபவமே போதிய சோதனை என்பர் சிலர். அனுபவம் திறனை வளர்ப்பது உண்மையே. ஆயினும் தீய பழக்கத்தை உரப்படுத்துவதும் அதுவே. அன்றியும், வீதி மாறிக்கொண்டே வருகின்றது. அக்கரைப்பற்றிலிருந்து நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது வழியாகக் கல்முனை செல்லும் பெருவீதியில், துவிச்சக்கர வண்டியும் முச்சக்கர வண்டியும் நெல்மூடை ஏற்றிய உழவு இயந்திரமும் தூரப் பேருந்தும் ஒரே வழியைப் பகிர்கின்றன. முப்பதாண்டுகளுக்கு முன் தேறியவர் இந்நெரிசலுக்குத் தேறியவராகார்.

எனினும், திறன்சோதனை எல்லாப் பிணிக்கும் மருந்தாகாது. 2005 ஏப்ரலில், பொல்கஹவெலவை அடுத்த யாங்கல்மோதரைப் புகையிரதக் கடவையில், வேறொரு பேருந்தோடு போட்டியிட்டுச் சென்ற பேருந்து புகையிரதத்தால் மோதுண்டது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்குக் குறைந்தது அடக்கமேயாகும். சோதகர் அருகிருக்கையில் யாவரும் அடக்கமாகவே செலுத்துவர். ஆதலின், ஒருவர் செய்த வீதிக் குற்றங்களின் பதிவையுஞ் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

யப்பானில் 2022 முதல், 75 வயதைக் கடந்தோருள் குறித்த சில குற்றங்களைப் புரிந்தோர், பத்திரத்தைப் புதுப்பிக்கச் செலுத்தற் சோதனையில் தேறவேண்டும்; தவறியோர் பத்திரம் காலாவதியாகும்வரை மீண்டும் முயலலாம். ஐரோப்பிய ஒன்றியமோ, 2003இன் விதியொன்றால், தொழில்முறைப் பேருந்து, லொறிச் சாரதிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை 35 மணிநேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

இவ்விரு வழிகளும் நமக்கு ஏற்றனவே. அனைவரையும் ஒருங்கே சோதித்தல் எளிதன்று. பல உயிர்களைச் சுமந்து செல்லும் பேருந்துச் சாரதிகளையும், குற்றம் மீண்டும் மீண்டும் புரிவோரையும், முதியோரையும் முதலிற் சோதிக்கலாம். ஆனால், சாரதியின் பத்திரமே அவர் குடும்பத்தின் உணவாகும். தவறியவருக்குப் பயிற்சியும் மறுவாய்ப்பும் அளித்த பின்னரே அதனை நிறுத்துதல் நீதியாகும். மாணவனின் குறையை அறிந்து திருத்தவே நாம் பரீட்சை வைக்கின்றோம்; சாரதிக்கும் அம்முறையே பொருந்தும்.