ஒருக்கா வந்த காசுக்கும் வரியா?

பல்லேபொலயில் நான் சந்தித்த சகோதரி யுத்தத்தில் கணவரை இழந்தவர்; சம்பள வேலையோடு பிள்ளைகளை வளர்க்கிறார். 2025இல் ஒரே ஒரு தடவை பாடசாலைச் சீருடைகள் தைத்து 90,000 ரூபா பெற்றார். "ஒருக்கா வந்த காசுதானே மிஸ், இதையும் காட்டவேணுமா?" என்று பயத்தோடு கேட்டார்.

கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வியாபாரத் தன்மையுள்ள தனியொரு ஏற்பாட்டையும், அது எத்தனை குறுகியதாயினும், வியாபாரமாகவே கொள்கிறது. ஆனால் துணி, நூல், வாகனக் கூலி கழித்த இலாபமே கணக்கு. பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள், சகோதரிகளே!

சேர்ப்பது வேறு, கட்டுவது வேறு. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வரியில்லை. சம்பளம், தையல், வட்டி யாவும் சேர்த்தே இந்த 18 இலட்சம். இந்தச் சகோதரிக்கு 7 இலட்சம்கூட வரவில்லை. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. சம்பளம் பதினேழரை இலட்சமும் தையல் இலாபம் 80,000உம் என்றால், மிஞ்சும் 30,000க்கு 6 வீதம், 1,800 ரூபா. மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கான விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்கவேண்டும்.

உண்மையில் பணம் போவது வேறிடத்தில். நிலையான வைப்பின் வட்டியில் வங்கி 10 வீதம் பிடிக்கிறது. வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால், வரி இலக்கத்தோடு சுயபிரகடனப் படிவம் கொடுங்கள், பிடிக்கமாட்டார்கள்.